முக்காலும் காலும்

தமாரின் உப்பளத்தில்
விடியுமுன் வாரத் தொடங்கவேண்டும்.
வெயில் ஏறிவிட்டால் கறுங்கல் பாத்தி
ரப்பர் பூட்ஸுக்குள்ளும் வந்து சுடும்.

என் கூடை பெரியது.
ரோஸ்லினுடையதும், வாலியம்மேயுடையதும்.
செலீன் மட்டும் சின்னதில் சுமக்கிறாள்,
ஏப்ரலில் வழுக்கி இடுப்பில் அடி.

கொட்டகைப் பலகையில்
மிஸ்யே கோலென் எழுதிவைத்திருப்பது:
பெரியது இருபத்தாறு கிலோ,
சின்னது பதினெட்டு,
கூட்டி இரண்டால் வகுத்தால் இருபத்திரண்டு.
யார் தூக்கினாலும் நடைக்கு
இருபத்திரண்டு கிலோவின் கூலி.
தராசுக்கு நேரமில்லையாம்.

இருபத்திரண்டு கிலோக் கூடையை
இந்த உப்பளத்தில் நான் கண்டதே இல்லை.

ரோஸ்ஹில் சந்தையில் வாங்கிய புத்தகத்துக்கு
அட்டை இல்லை, முதல் பாடமும் இல்லை.
இருபது வருடம் முன்பு வேதியியலில் தோற்றேன்.
நவம்பரில் மறுபடி எழுதப் பணம் கட்டியிருக்கிறேன்.
வீட்டில் சொல்லவில்லை.

நாற்பத்தொன்றாம் பக்கத்தில் உப்பு இருந்தது.
நான் வாரும் அதே உப்பு,
ஈரமில்லாமல், கட்டம் கட்டமாய்.
சோடியத்தின் கருவில் பதினோரு புரோட்டான்,
சுற்றிப் பதினோரு எலக்ட்ரான்,
கடைசியானது வெளிவாசலில் தனியாய் நிற்கிறது.
அதைக் குளோரினிடம் கொடுத்துவிட்டால்
சோடியம் நேர் அயனி,
வாங்கிக்கொண்ட குளோரின் எதிர் அயனி.

கொடுத்தவருக்குக் கூட்டல் குறி,
வாங்கியவருக்குக் கழித்தல்!
எந்தக் கொட்டகையிலும் பார்க்காத கணக்கு.
சிரித்துவிட்டேன், நள்ளிரவில்.
பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.
அப்புறம்தான் உறைத்தது:
எலக்ட்ரானே எதிர்ச்சுமை.
கைமாறியது சொத்தல்ல, கடன்.

பிறகு குளோரின்.
எந்தக் குளோரினுக்கும் புரோட்டான் பதினேழுதான்,
பதினெட்டானால் அதற்கு வேறு பெயர்.
நியூட்ரான்தான் சிலதில் பதினெட்டு, சிலதில் இருபது.
ஆக முப்பத்தைந்தில் ஒரு வகை,
முப்பத்தேழில் ஒரு வகை.
கடலுக்கு இரண்டும் ஒன்று. நாக்குக்கும்.

சராசரி என்ன என்றது புத்தகம்.
முப்பத்தாறு என்று எழுதினேன்,
மிஸ்யே கோலென் பழக்கிவிட்டபடி.
பின்பக்க விடை: முப்பத்தைந்தரை.

அந்த அரை எங்கே போயிற்று?
மூன்று ராத்திரி தேடினேன்.
நான்காம் நாள் காலை,
வரப்பில் கூடைகள் வரிசையாய்க் காத்திருந்தன:
பெரியது, பெரியது, பெரியது, சின்னது.

நான்கு குளோரினில் மூன்று லேசு, ஒன்று கனம்.
முக்கால் பங்கு முப்பத்தைந்து,
கால் பங்கு முப்பத்தேழு.
நூற்றைந்தும் முப்பத்தேழும் நூற்று நாற்பத்திரண்டு,
நான்கில் ஒன்று முப்பத்தைந்தரை.
அந்த எடையில் ஓர் அணுகூடக் கிடையாது,
ஆனாலும் அது திருடாத எண்.

குவித்த உப்பின்மேல் விரலால் எழுதினேன்.
மூன்று இருபத்தாறு எழுபத்தெட்டு,
பதினெட்டைச் சேர், நான்கால் வகு.
இருபத்துநான்கு.
நடைக்கு இரண்டு கிலோ.
எட்டு வருடமாக.

ரோஸ்லினைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
விரல் மடக்கி இரண்டு தரம் எண்ணினாள்,
பிறகு மிஸ்யேயின் தாயை இழுத்து ஏதோ சொன்னாள்.

சனிக்கிழமை கூலி நேரத்தில்
சாக்கட்டியை நானே எடுத்தேன்.
மிஸ்யே கோலென் நெடுநேரம் பலகையைப் பார்த்தார்.
"யார் போட்டுத்தந்த கணக்கு?"
"குளோரின்" என்றேன்.

திங்களன்று பலகை துடைத்திருந்தது.
நான்கு புதுக்கூடை, நான்கும் சின்னது.
பதினெட்டுக்குப் பதினெட்டின் கூலி.
எங்கும் பிசகில்லை.

ரோஸ்லின் கத்தினாள், வாலியம்மே காறித் துப்பினாள்.
செலீன் பேசவில்லை.
பதினெட்டைச் சுமந்து
இருபத்திரண்டு வாங்கிவந்தவள் அவள்.
அவளைக் கால் பங்கு என்று எழுதியிருந்தேன்,
ஒருத்தி என்று எழுதவில்லை.

இன்று கூடை தலையில் கனக்கவில்லை.
அவள் பின்னால் நடக்கிறேன்,
நொண்டும் காலடியை எண்ணாமலிருக்கப் பார்த்தபடி.
நவம்பருக்கு இன்னும் பதினோரு வாரம்.