சீட்டுக் கிழிக்கிறவன்

பகலெல்லாம் சீட்டுக் கிழிக்கிறவன் நான்.
டர்பனில்,
வெஸ்ட் தெரு என்றே நாங்கள் இன்னும் சொல்லும் தெருவில்,
சிவப்புக் கோட்டின்மேல் சக்கரம் வைத்தவர்களுக்கு.
ராத்திரியும் அதே வேலைதான் பார்த்தேன் என்பது
குபாஷ்னி சிரித்தபிறகுதான் உறைத்தது.

மியர்பேங்கில் எட்டு மணிக்குக் கரண்ட் போனது.
பத்தரைக்கு வருமாம்.
ஒரு சார்ஜ் விளக்கு, ஒரு தட்டு சில்லி பைட்ஸ்,
பிரகாசன், அவன் தங்கை, நான்.

பத்துச் சீட்டோடு தொடங்கி
கடையில் வாங்கி வாங்கிக் கட்டைப் பெருக்கும் ஆட்டம்.
கையில் எப்போதும் ஐந்து.
நல்லதை வாங்கு, கெட்டதை அடுத்தவன் தலையில் கட்டு.
கெட்டதற்குப் பெட்டியில் வேறு பெயர்.
நாங்கள் வைத்தது: தண்டம்.

கடைசிக் கணக்கில் தண்டத்துக்கு ஒரு புள்ளி குறையும்.
அதுகூடப் பெரிதில்லை.
ஐந்தில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு
சும்மா உட்கார்ந்திருக்கும்,
யார் வழிச் சொந்தமென்றே தெரியாத
கல்யாண வீட்டு விருந்தாளி மாதிரி.

நான் அமீனாவை வாங்கினேன்.
சுற்றுக்கு ஒருமுறை அவனை இறக்கி
அவள் கட்டில் ஒரு தண்டம் செருகினேன்.
மூன்று. நான்கு.
முகம் சுருங்கும் என்று பார்த்தேன்.

அவளோ யாரும் சீந்தாத ஒரு சீட்டை
இரண்டு காசுக்கு எடுத்தாள்.
பழைய சாமான்காரி.
அடுத்த சுற்றில் இன்னொருத்தி.
விளக்கருகே கொண்டுபோய்ப் படித்திருக்கவேண்டும் நாங்கள்,
அடியில் பொடி எழுத்து:
கையிலிருக்கும் தண்டம் ஒவ்வொன்றுக்கும்
இரண்டு சீட்டு எடு.

ஐந்து சீட்டுக் கை ஒன்பதாகி, பதின்மூன்றாகி,
விசிறி மாதிரி விரிந்து
அவள் முகத்தையே மறைத்தது.

"கொடுக்காதேடா அவளுக்கு" என்றான் பிரகாசன்.
அமீனாவை இறக்காமல் வைத்துக்கொண்டேன்.
விசிறிக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டது.
"எனக்கு ஃபைன் இல்லையா, அண்ணே?"

இல்லை என்றதும்
குவியலில் தானே போய் வாங்கினாள் தண்டத்தை.
விலை பூஜ்யம்.
யாரும் வாங்கமாட்டார்கள் என்றுதானே பூஜ்யம்.

நாடசனின் வெள்ளை பேக்கி ஞாபகம் வந்தது.
மூன்று வருடமாய் அதே சிவப்புக் கோடு.
காலை ஆறுக்கெல்லாம் சாமந்தி, வாழையிலை,
வெள்ளிக்கிழமையானால் தேங்காய்.
நான் எழுதுவேன்.
வாங்கி வைப்பரின் அடியில் அவரே செருகி
"நன்றி தம்பி" என்பார்.
அந்த நன்றியைப் பயம் என்று நினைத்திருந்தேன்.
மாதம் எட்டுச் சீட்டு, பத்துச் சீட்டு.
மார்க்கெட்டுக்குள் ஒரு மேடைக்கு வாடகை
அதைப்போல இரண்டு மடங்கு.
அபராதம் என்று நான் எழுதியதையெல்லாம்
ரசீது என்று வாசித்திருக்கிறார் மனிதர்.

ஆட்டத்தை அவளே முடித்தாள், திடீரென்று.
எண்ணினோம்.
முப்பத்தாறில் பதினோரு தண்டம் போக
இருபத்தைந்து அவளுக்கு.
பிரகாசன் இருபத்துநாலு.
நான் பத்தொன்பது,
ஒரு தண்டம்கூட இல்லாமல், படு சுத்தமாக.

"இன்னும் ரெண்டு சுற்று போயிருந்தால்
பதினொன்று பதினைந்தாகி நீ முழுகியிருப்பாய்"
என்றான் அண்ணன்காரன்.
"அதனால்தான் போகவில்லை" என்றாள்
எண்ணெய் விரலை நக்கிக்கொண்டு.
ஃபிரிட்ஜ் முனகத் தொடங்கியது.

திங்கட்கிழமை அந்தப் பேக்கியைப் பார்க்காத மாதிரி
கடந்து போனேன்.
எழுதாமல் விடுவதுதான் தண்டனை என்று ஒரு நப்பாசை,
அல்லது மரியாதை. எதுவென்று எனக்கே தெரியவில்லை.

பின்னால் ஓடிவரும் செருப்புச் சத்தம்.
"தம்பி, சீட்டு?
அது ஒட்டியிருந்தால்தானே
இழுவை வண்டிக்காரன் நமக்கு வேலையில்லை என்று போவான்?"

மூச்சு வாங்க நீட்டிய கையில்
சாமந்தி ஈரம்.
பேனாவைத் தேடினேன்.