காற்றுத் திருகு

எங்கே வேண்டுமானாலும் நின்றிருக்கலாம்.
சரியாக முகத்துவாரத்தில்தான் நிற்கும்,
அலை பக்கவாட்டில் அறையும் இடத்தில்.

எட்டு குதிரை. என்னைவிட ஒரு வயது மூத்தது.
சோனங்குப்பம் துறையில் கட்டிப்போட்டு
கார்பரேட்டரைக் கழற்றி
சோற்றுத் தட்டில் பரப்பினேன்:
மிதவை, ஊசி, மிளகளவு பித்தளை ஜெட்.
கிண்ணத்தின் அடியில்
போன வருஷப் பெட்ரோல்
முற்றிய பாகாய் ஒட்டியிருந்தது.

கம்பி விட்டால் ஓட்டை பெருத்துவிடும்.
தங்கூஸ் நரம்பைக் கோத்து இழுத்து
வெயிலுக்கு நேரே பிடித்தேன்.
ஊசிமுனை வெளிச்சம்,
அதற்குள் உப்பனாறு கொஞ்சம்.

பூட்டினேன். இருபது நிமிஷம் ஓடியது. நின்றது.

மறுபடி கழற்றினேன்.
மிதவையைக் காதோரம் குலுக்கினேன்.
உள்ளே சொட்டுச் சத்தம்கூட இல்லை.
புது கேஸ்கெட் வெட்டினேன்,
கல்யாணப் பத்திரிகை அட்டையில்.
பூட்டினேன். இருபது நிமிஷம்.

மூன்றாம் தடவை நின்றபோது
"வித்துடலாம்" என்றான் ஜெயவேலு.
அவன் பங்கு கால்தான்.

ஐஸ் பெட்டியோடு ஏறிய குமுதவல்லி
பெட்ரோல் குழாயைத் தாண்டப்போனவள்
அப்படியே நின்றாள்:
"இந்த ரப்பர் உருண்டை ஏன்
பட்டினி வயிறாட்டம் ஒட்டிக் கெடக்கு?"

டாங்க் மூடியில் ஒரு குட்டித் திருகு.
மழைத் தண்ணீர் இறங்கக்கூடாதென்று
ஐப்பசியில் அதை இறுக்கியது
இதே விரல்கள்.

அரைச் சுற்று தளர்த்தினாள்.
உஸ்ஸென்று
நெடுநேரம் மூச்சை இழுத்தது டாங்க்.

அன்று முகத்துவாரம் பின்னால் போனது.
கரை திரும்பியதும்
நான் சுத்தம் செய்த ஜெட்டை
துறை முழுக்கப் புகழ்ந்தான் ஜெயவேலு.
நான் மறுக்கவில்லை.
குமுதவல்லி ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தாள்,
தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே
ஓங்கி.