பரங்கிக்காய்

நகோயாவுக்குத் திரும்பிப் போகிறவள்
இஸ்திரிப் பெட்டியை, பாயை
வாட்ச்மேனுக்குக் கொடுத்துவிட்டு
மூன்று பாட்டில்களை மட்டும்
செய்தித்தாளில் சுற்றி என்னிடம் தந்தாள்.
அரை சோயா. கால் மிரின்.
திறக்காத ஒன்று, பழுப்பு நிறம்.

ஒரகடத்தில் நான் மொழிபெயர்ப்பாளர்.
'கொஞ்சம் கஷ்டம்' என்று அவர்கள் சொன்னால்
'முடியாது' என்று இவர்களுக்குச் சொல்வது
என் வேலை.

நங்கநல்லூர் வீட்டு ஒப்பந்தத்தில் ஏழாவது வரி:
சைவம் மட்டும்.
தூத்துக்குடி என்றதும் சேஷகிரி சார்
அதன் அடியில் பேனாவால் ஒரு கோடு இழுத்தார்.
கையெழுத்துப் போட்டேன்.
கம்பெனி வேன் அந்தத் தெருமுனையில் நிற்கும்.

ஞாயிறு. பழவந்தாங்கல் ஸ்டேஷன் வாசலில்
ஒரு பெரிய கீற்று இருபது ரூபாய்.
பெயரிலேயே அந்நியக் காய்.
அங்கேயும் கம்போடியாவிலிருந்து வந்ததென்று
கபோச்சா ஆக்கிவிட்டார்கள்.
எந்த ஊரிலும் இது
வேறெங்கிருந்தோ வந்ததுதான்.

தோலைச் சீவாதே என்றிருந்தாள் யுகாரி.
தோல் கீழே, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல்.
கை தானாகக் கடுகு டப்பாவுக்குப் போனது.
இழுத்துக்கொண்டேன்.
சத்தமே இல்லாத சமையல்.
பழுப்பு பாட்டிலில் இரண்டு மூடி ஊற்றி
தட்டு கவிழ்த்து சிம்மில் வைத்தேன்.

பத்தாவது நிமிடம்
யாரோ மாசி இடிக்கிற வாசனை.

பாட்டிலைத் திருப்பினேன்.
பொடி வரியில் ஓர் எழுத்து,
இடப்பக்கம் மீன், வலப்பக்கம் கெட்டி.
படிப்பதுதான் என் பிழைப்பு.
படிக்கவில்லை.

காலிங்பெல்.
மோட்டார் விஷயமாக வந்த சேஷகிரி சார்
மூக்கை உயர்த்தினார்.
"என்னம்மா ஜெசிந்தா, வாசனை தூக்கறது?"
"ஜப்பான் கறி சார். பரங்கிக்காய்."
"பரங்கியா? எனக்கு உசுராச்சே.
ஒரு கிண்ணம் கொடேன்."

அந்த லேபிளை வாசிக்க
அந்தத் தெருவில் நான் ஒருத்திதான்.
ஒரு கரண்டி போதும்,
ஏழாவது வரிக்கு.
தேன் நிறத்தில் மினுங்கிக்கொண்டிருந்தது வாணலி.

"உப்பு ஜாஸ்தியாயிடுச்சு சார்" என்றேன்.

கதவைச் சாத்தி
ஜன்னல் இரண்டையும் திறந்து
நின்றுகொண்டே சாப்பிட்டேன்.
இனிப்பு, அதற்குப் பின்னால் கடல்.
உப்பு சரியாகத்தான் இருந்தது.

சாயங்காலம் மிச்சக் கீற்றை நறுக்கி
வேறு வாணலியில்
கடுகு வெடிக்கவிட்டு, மிளகாய் கிள்ளிப் போட்டு,
சோயா மட்டும் இரண்டு சொட்டு.
கீழ்வீட்டுக்கு எடுத்துப்போனேன்.

ஒரு வாய் போட்டுக்கொண்டு
"இதானா ஜப்பான்?" என்றார்.
ஆமாம் என்று மொழிபெயர்த்தேன்.