விடுதலைப் பத்திரம்

கொங்குத் தமிழில் மரியாதை
சொல்லின் வாலில் ஒட்டியிருக்குமாம்.
வாங்க, சரிங்க, இல்லைங்க.
திட்டும்போதும் அந்த ‘ங்க’ உதிராது என்று
செக்கிங் டேபிளில் பக்கத்து இருக்கைக்காரி
வெட்டுத்துணியில் சாக்பீஸால் எழுதிக் காட்டினாள்.
நாற்பத்தொரு வருடம் இந்த மண்ணில்.
எனக்கு ஒன்றுகூட வந்து சேரவில்லை.

அண்ணன் சென்னியப்பன் திருப்பூர் வந்தான்.
லைன் வீட்டு வாசலில் நின்று
மெயின் சுவிட்சை அணைத்து அணைத்துப் போட்டான்.
எங்கள் காலிங்பெல் அது, அவனுக்கு மறக்கவில்லை.
கையெழுத்து என்று
உள்ளங்கையில் கிறுக்கிக் காட்டினான்.
எதற்கு என்றேன்.
என் தலையைத் தடவினான்.

காங்கயம் சார்பதிவாளர் அலுவலகம், புதன்கிழமை.
நீட்டிய தாளில்
பார்த்ததும் புரிந்த ஒரே சொல்
‘விடுதலை’.
ஆகஸ்ட் மாதத்தில் கரும்பலகையில் இருக்கும் சொல்.
அதன் கீழே பூவாத்தாள், நான்.
அதன் கீழே ஊதியூருக்கு அந்தப் பக்கம்
இரண்டே முக்கால் ஏக்கர், கிணற்றில் பாதி.

மீதியை ஏன் படிக்கவில்லை என்பீர்கள்.
பத்து வருடம் பள்ளியில்
என் விரலை எடுத்துத் தன் தொண்டையில் வைத்தார் டீச்சர்.
‘பா’ அதிர்கிறதா, ‘மா’ அதிர்கிறதா.
அதிர்ந்தது. அவ்வளவுதான்.
‘பா’ வருவதற்கு ஒரு மழைக்காலம்,
‘மா’வுக்கு ஒரு வெயில்.
கணக்கும் வரலாறும் பங்கு பாகமும்
பின்னால் வரிசையில் நின்று நின்று
உள்ளே வரவே இல்லை.
கை அசைந்தால் ஸ்கேல்.
கைகட்டி வாய்பொத்தி என்பார்கள் ஊரில், பணிவுக்கு.
எங்களுக்கு இரண்டும் ஒரே வேலை.
விடுதிக் குளியலறையைப் பூட்டிக்கொண்டு
ஜீரோ வாட் பல்பின் கீழே
பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுவோம்.
வார்டன் தூக்கம் கலையாத கூச்சல்.

சார்பதிவாளர் என்னவோ கேட்டார், அண்ணனை.
அண்ணனின் உதடு வெகுநேரம் அசைந்தது.
அத்தனையும் சுருங்கி
எனக்கு வந்தது ஒரு தலையாட்டல்: நீயும் ஆட்டு.

ஆட்டவில்லை.
எழுதித்தரக் கேட்ட அதே கை
பேசத் தொடங்கியதும்
பெஞ்சில் இருந்தவள் குழந்தையை இழுத்துக்கொண்டாள்.

ஃபோனை எடுத்தேன்.
திரையில் ஈரோடு, கருங்கல்பாளையத்துப் பர்வீன்.
அப்பா அம்மா இருவரும் எங்கள் ஆட்கள்.
அவளுக்குக் கேட்கும்; ஆனால்
பேச்சுக்கு முன்னாலேயே கை வந்துவிட்டது.
டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.
நெட்வொர்க் போய் முகம் கட்டம் கட்டமாய் உடைந்து
மறுபடி சேர்ந்தது.

விடுதலை என்றால் எனக்குத் தெரிந்த சைகை
கட்டிய மணிக்கட்டுகள் பிரிவது.
அவள் அதைச் செய்யவில்லை.
மூடிய கையைத் திறந்து
கீழே கொட்டிக் காட்டினாள்.
யாருடையது, என்றேன்.
உன்னுடையது.

அப்புறம் அவர் ஃபோனைப் பார்த்துக் கேட்டார்.
பர்வீன், என்னைப் பார்த்துக் கேட்கச் சொல்லியிருக்க வேண்டும்,
திரும்பினார்.
அவள் கை: உங்களுக்குச் சம்மதமா?
முடிவில் தலையைக் கொஞ்சம் சாய்த்தாள்.
அதென்ன, கடைசியில்?
‘ங்க’ போட்டார், என்றாள். உங்களுக்கு.

இல்லை என்றேன்.
அவள் வாயில் அது
‘இல்லைங்க’ என்று போயிருக்கும்.
நான் சேர்க்கவில்லை.

திருப்பூர் பஸ்ஸை விட்டுவிட்டுத்
தாராபுரம் பஸ்ஸில் ஏறினேன்,
அந்த இரண்டே முக்காலைப் பார்த்துவிட்டு வர.
அண்ணன் முன்படிக்கட்டுப் பக்கம்,
சட்டைப் பையில் மடித்த பத்திரம்.
ஊதியூர் மலை தெரிந்தபோது திரும்பினான்.
ஏழெட்டு வயதில்
நாங்கள் இரண்டு பேர் மட்டும் கட்டிய சொல் ஒன்று:
முழங்கையை இரண்டு தரம் தட்டினால்
கோபமா.

தட்டினான்.

என் இரண்டு கையிலும் பை இருந்தது.