காற்றுப் பக்கம்

நாற்பது கிலோமீட்டர் மிச்சமிருக்கும்போது
என் வேலை முடிந்துவிடும்.
அதுவரை
முதுகுப் பைகளில் மூன்று,
சட்டைக்குள் நெஞ்சோடு திணித்தவை நான்கு,
ஏழு தண்ணீர் பாட்டில்களோடு
பின்னால் வரும் குழுக் காரிலிருந்து
பிள்ளைத்தாச்சிபோல் கூட்டத்தைப் பிளந்து
முன்னேறி வருவேன்.
யாருக்கு உப்பு, யாருக்குச் சர்க்கரை
கைக்கே தெரியும்.
ஒர்னெல்லா திரும்பமாட்டாள்.
கையை மட்டும் பின்னால் நீட்டுவாள்.
வைப்பேன்.

பிறகு காற்று.
பீட்ரூட் வயல்களைத் தாண்டி
மறைக்க ஒரு மரமில்லாமல்
பக்கவாட்டில் வரும் மேல்காற்று.
அவளுக்கும் அதற்கும் நடுவில்
என் தோள்.
பதினொரு வருடமாக இதற்குத்தான் சம்பளம்.

ராத்திரி எந்த ஊர் என்று
சோப்பு உறையைப் பார்த்தால்தான் தெரியும்.
யோவித்தா ஜன்னலோரம், நான் கதவோரம்.
தராசில் நிறுத்த சோறு.
உரிந்த முழங்கையின் ஈரம்
விரிப்போடு ஒட்டிக் காய்ந்துவிட,
காலையில் வெந்நீர் விட்டுத் துணியையும் என்னையும்
பிரிக்கிறாள் யோவித்தா.
போலிஷில் ஏதோ வைகிறாள்,
என்னை இல்லை, விரிப்பை.

நேற்று நான்கு நொடி
தொலைக்காட்சியில் வந்தேனாம்.
கூட்டத்தின் தலையில் இருந்தேன்,
முழங்கையை ஒருதரம் ஆட்டினேன்,
ஒதுங்கினேன்,
பின்னோக்கி நழுவிப் படத்தை விட்டே போய்விட்டேன்.
"அம்மா ஏன் பின்னாடி போறா?"
வானஸ் பதில் சொல்லவில்லையாம்.
லோவியின் வாயில்
ஒரு கரண்டி பட்டாணி வைத்தானாம்.

எண்பத்தேழாவதாக வந்தேன்.
வேலிகளைக் கழற்றத் தொடங்கியிருந்தார்கள்.

வீட்டில்
கரண்டிகள் இடம் மாறியிருக்கின்றன.
குப்பை வண்டி செவ்வாயிலிருந்து வியாழனுக்குப் போய்விட்டது,
யாரும் சொல்லவில்லை.
சொல்லியிருப்பார்கள்.
மாடிக்குப் பதினான்கு படி,
கைப்பிடியைப் பற்றி ஏறுகிறேன்,
நடுவில் ஒருதரம் உட்கார்கிறேன்.
பாதித் தொடைக்கு மேலே பால் வெள்ளை,
கீழே செங்கல்.
அந்தக் கோட்டில் விரல் ஓட்டி லோவி சொல்கிறான்:
"இது பெல்ஜியம். இது பிரான்ஸ்."
பிரான்ஸில் ஒரு தழும்பு இருக்கிறது.
அதற்கு ஓர் ஊர்ப்பெயர் வைக்கச் சொல்கிறான்.

வானஸ் கூரை வேய்கிறவன்,
குறைவாகப் பேசுவான்.
"வந்த பிறகும் நீ வந்து சேர நாலு நாள் ஆகுது"
என்றான் ஒருமுறை, அடுப்பைப் பார்த்தபடி.
ஏணியை வேன்மேல் கட்டிவிட்டுக் கிளம்பிப்போனான்.
அவன் சொன்னதைக் கராஜில்,
நகராத சைக்கிளில், இரண்டு மணிநேரம் மிதித்தேன்.
தரையில் என் வேர்வை
ஒரு சிறு குட்டையாகத் தேங்கியது.
கணக்கு அப்படியே இருந்தது.

ஒப்பந்தம் அக்டோபரோடு முடிகிறது.
எனக்கு முப்பத்தைந்து.
ஒர்னெல்லா ஒரு பெரிய பந்தயம் ஜெயித்தால்
எனக்கு இன்னொரு வருடம்.
தன் கால்களில் இருக்கும் என் வீட்டுக்கடன்
அவளுக்குத் தெரியுமா என்று
கேட்டதில்லை.

இன்று காலை லோவியைப் பள்ளிக்கு நடத்திக்கொண்டு போனேன்.
ஸோட்டஹெம் சாலை, எட்டரை மணி,
சாணமும் மழையும் கலந்த வாசம்.
தேவாலயம் தாண்டியதும் சாலை வளைந்தது.
"ஏன் இந்தப் பக்கம் வந்தே?"
"எந்தப் பக்கம்?"
"அந்தப் பக்கம் நடந்தே. இப்போ இந்தப் பக்கம்."

பார்த்தேன்.
வேலியோரப் புல் எல்லாம்
எங்களை நோக்கிச் சாய்ந்திருந்தது.
காற்று மாறியதும் கால் தானாக மாறியிருக்கிறது.
அவன் தொப்பி அசையாமல் இருந்தது.

சொல்லத்தான் நினைத்தேன்.
அதற்குள் பள்ளி வாசலைக் கண்டுவிட்டான்,
கையை உதறிக்கொண்டு ஓடினான்,
பை முதுகில் குதிக்கக் குதிக்க.
நான் பின்தங்கினேன்.
சட்டைக்குள்
அவன் மறந்த தண்ணீர் பாட்டில்,
குளிர்ந்து கிடந்தது.