உள்ளிரைச்சல்

மண்ணைத் தொட முன்னமே கத்தியது
நான் பூட்டின உலோகம்தேடி.

புறக்கோட்டை மலிவு அடப்டரை எறிந்து
பற்றரிக்கு மாற்றினேன். பாதி அடங்கிற்று.
சுருளுக்கு வெள்ளித்தாள் சுற்றி
ஒரு விரற்கடை வெட்டு விட்டேன்:
முழுக்க மூடினால் அது செவிடு.
எர்த் வயர் மூன்றையும்
ஒரே புள்ளியில் ஈயம் வைத்துப் பிடித்தேன்.

மிஞ்சியது ஒரு கீச்சு.
மூன்று இரவு.
கடைசியில் பார்த்தால்
'வேலை செய்கிறேன்' என்று சொல்ல
நானே வைத்த
சிவப்பு லைற்றின் மினுக்கல்.
வெட்டிவிட்டேன்.

வெள்ளவத்தைக் கரை. தண்டவாளம் தாண்டி
துவாரகி மெட்டி தொலைத்த இடம்.
பாணந்துறை ரயில் போயும்
பெட்டி மூச்சு விடவில்லை.
"பழுதோ?" என்கிறாள்.
"இல்லை. கேட்டுக்கொண்டு நிக்குது."

முதல் சத்தம் சோடா மூடி.
இரண்டாவதும்.