செவ்வாய்க்கிழமைத் துண்டு

எனக்கு ஞாயிறு செவ்வாயன்றுதான் வரும்.
டிப்போவில் அப்படிப் போட்டிருக்கிறார்கள்.
ஆறு நாள் நகரிக்கும் திருத்தணிக்கும் நடுவே
தெலுங்கில் சில்லறை கேட்டு
தமிழில் மீதி தருகிறேன்.
ஏழாம் நாள் யாருக்கும் மீதி தர வேண்டியதில்லை.

விடியுமுன்னே மொட்டைமாடி.
பெயின்ட் வாளி பதினொன்று,
மீன்காரர் தந்த தெர்மாகோல் பெட்டி மூன்று,
மூடி தொலைந்த ஒரு குக்கர். அதில் புதினா,
விசில் போடாமல் வளர்கிறது.

போன செவ்வாய்க்கு இல்லாத ஒன்று
இந்தச் செவ்வாய்க்கு இருக்க வேண்டும்.
அவ்வளவுதான் என் எதிர்பார்ப்பு.
ஒரு வாரம் வெண்டையில் முதல் பூ,
வெளிர் மஞ்சளின் நடுவே வெற்றிலைக் கறைபோல ஒரு சிவப்பு.
ஒரு வாரம் கத்தரியில் மாவுப்பூச்சி,
அதுவும் புதுசுதானே என்றாள் வேதவல்லி.
ஒரு வாரம் ஒரே ஒரு தக்காளி.
இரண்டாக அரிந்து
உப்புத் தொட்டு நின்றபடியே தின்றோம்.
அவள் மோவாயில் ஒரு விதை ஒட்டியிருந்தது.
மத்தியானம் வரைக்கும்
நான் சொல்லவில்லை.

வெயில் ஏறியதும் கீழே வந்து ஊசி எடுப்பேன்.
மஸ்தான் கடையில் வெட்டிப் போட்ட துண்டுகள்
பை முழுக்க இருபது ரூபாய்:
பள்ளிச் சீருடையின் நீலக் கட்டம்,
முகம் தெரியாத ஒருத்தியின் ரவிக்கைக் கை,
தெருக்கோடித் தறியில் கழித்த லுங்கிக் கரை.
வாரம் ஒரு சாண் சதுரம்.
கை பரபரத்தாலும் இரண்டாவது தைக்க மாட்டேன்.
அந்தக் காலத்தில் டிக்கெட் கிழித்து,
இப்போது மெஷின் தட்டித் தட்டிக்
காய்த்துப்போன கட்டைவிரல்,
ஊசிக்கு அஞ்சுவதில்லை.

எதிர்வீட்டுச் சுகுணம்மாவுக்கு இது பொந்த.
வேதவல்லிக்கு ஒட்டுப்போர்வை.
டிரைவர் ரெட்டெப்பாவுக்கு இது பொம்பளை வேலை.
மார்கழியில் அவனுக்குத்தான் கடைசி டிரிப்.
தனக்கும் ஒன்று வேண்டும் என்று
டிப்போ டீக்கடை மறைவில் கேட்டிருக்கிறான்.

போன செவ்வாய்
அறுபத்தோராவது சதுரம் முடித்து
அந்துருண்டை வாசம் போகட்டுமென்று
மாடியில் கம்பி மேல் விரித்தேன்.
மறந்துபோய் டியூட்டிக்கு ஏறிவிட்டேன்.
புதன் ராத்திரி திருப்பதியில் தங்கல்.
வியாழன் காலை வந்து பார்த்தால்
பீர்க்கங்கொடி ஒரு பற்றுக்கம்பியை நீட்டி
நான் முடிச்சுப் போடாமல் விட்ட நூலைப் பிடித்திருக்கிறது.
மூன்று சுற்று.
என் தையலைவிட நெருக்கம்.

கத்தரிக்கோலோடு வந்தாள்.
வேண்டாம் என்றேன்.
“மழை வந்தா?”
“வந்தா பாத்துக்கலாம்.”
வெள்ளி ராத்திரியே வந்தது.
லுங்கிக் கரை சாயம் விட்டு
பள்ளிக்கூட நீலமெல்லாம் ஊதாவாகிவிட்டது.
கொடி மட்டும் விடவில்லை.
திங்கட்கிழமை எண்ணினேன்,
இன்னும் இரண்டு சுற்று கூடியிருந்தது.

இன்று அறுபத்திரண்டாவதை
மாடியிலேயே வைத்துத் தைத்தேன்,
வேதவல்லி பிடித்த குடை நிழலில்,
கொடியைத் தொடாமல் மறு ஓரத்தில்.
குடை என் தலைக்கா போர்வைக்கா என்று
இருவருக்குமே தெளிவில்லை.
முதுகு எரிகிறது.
கீழே தறிகள் டடக்டடக்கென்று
யாருக்கோ அவசரமாக நெய்துகொண்டிருந்தன.

நூலை அறுக்கக் குனிந்தவன் கண்டேன்:
இலைக்குப் பின்னால் வாடிய பூ,
அதன் அடியில் விரல் நீளப் பிஞ்சு.
சரியாகப் போர்வையின் மடிப்புக்குள் சாய்ந்து
படுத்திருந்தது.

“அடுத்த வாரம் பறிக்கலாமா?” என்றாள்.
இறங்கும்போது வாங்கிக்கோங்க என்று
டிக்கெட்டின் பின்னால் பாக்கி எழுதித் தருகிற குரலில்
“பாக்கலாம்” என்றேன்.

நாளை ஐந்து பத்துக்கு முதல் டிரிப்.
இன்றைக்கும் எங்களுக்குப் பழைய பெட்ஷீட்தான்.
அவள் பக்கம் கொஞ்சம் கிழிந்திருக்கிறது.